ஆறு முட்டை லோடு

நாமக்கல்லிலிருந்து திருச்சி போகிற ரோட்டில், ஒருபக்கம் வரிசையாக லாரிக்குக் கூண்டு கட்டுகிற பாடி பட்டறைகளும் இன்னொரு பக்கம் கோழிப்பண்ணைகளுமாக இருக்கிற எங்கள் ஊரில், வாரத்துக்கு இரண்டு லாரியாவது புதிதாகப் பிறக்கும். கேபினும் கதவும் இல்லாத வெறும் சேசிஸாக, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர் வெயிலில் ஓட்டிக்கொண்டு வருகிற வண்டி, ஒரு மாதம் கழித்து நெற்றியில் பெயரும் முதுகில் மயிலும் பம்பரில் திருஷ்டிப் பொம்மையுமாக, ஆறு டயருக்கும் ஆறு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறும். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன எங்களுக்கு வண்டி கிளம்புவதில் ஆச்சரியம் கிடையாது, வண்டி என்றால் கிளம்பத்தான் செய்யும். அதனால் அத்தியண்ணனின் ரிமோட் லாரி, ரிமோட்டை மேசைமேல் விட்டுவிட்டுத் தானாகவே வெளியூர் லைனுக்குப் போய்விட்டது என்று ஒரு காலையில் சேதி வந்தபோது, நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். காலியாகப் போனதா, லோடோடு போனதா?

அத்தியண்ணன் இருபத்திரண்டு வருடம் சொந்த லாரி ஓட்டியவர். பம்பாய், டெல்லி, அஸ்ஸாம் என்று அவர் டயர் படாத மண் குறைவு. சர்க்கரை வியாதி வந்து இடது கண்ணைத் தின்றபிறகு, இனி கனரக வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்ல, லாரியை விற்றுவிட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய மனைவி துளசிமணிக்குக் கல்யாணமானதிலிருந்து புருஷன் சேர்ந்தாற்போல் நாலு மாதம் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. இருந்தும் என்ன பிரயோசனம், அந்த மனிதர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், மீதி நேரமெல்லாம் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் கவிநிலா இதைப் போனில் கேட்டு மனசு தாளாமல், முழங்கை நீளத்தில் ஒரு ரிமோட் லாரியை வாங்கி அனுப்பினாள். ஆறு சக்கரம், ஆரஞ்சு கேபின், பின்னால் திறந்த பாடி.

பிரித்த அன்றைக்கே அத்தியண்ணன் அதை அக்கக்காகக் கழற்றிவிட்டார். "பிளாஸ்டிக் கியரு! இதச் செஞ்சவன் சென்மத்துல லாரியவே பாத்ததில்ல போல" என்று அவர் திட்டியது தெருவுக்கே கேட்டது, அத்தனை மாதத்தில் நாங்கள் கேட்ட மிக நீளமான பேச்சும் அதுதான். பிளாஸ்டிக் கியர் போய் இரும்புக் கியர் வந்தது. புஷ் போய் பேரிங் வந்தது. லேத் பட்டறைக்காரர் சண்முகவடிவு, வீட்டுச் சாவி கனத்துக்கு ஒரு ஆக்ஸிலைக் கடைந்து கொடுத்தார். அத்தியண்ணன் டயருக்குள் ஸ்பாஞ்சு அடைத்தார், ஹெட்லைட்டில் பல்பு வைத்தார், பெங்களூரிலிருந்து கூரியரில் புது மோட்டாரும், பழையதைப்போல் இரண்டு மடங்கு பேட்டரியும் வரவழைத்தார்.

துளசிமணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த வேலை புதிதில்லை. பெரிய லாரியில் அவர் மெத்தை வைத்த படுக்கை போட்ட மாதம்தான் பம்பாய் லைனை விட்டு டெல்லிக்குப் போக ஆரம்பித்தார். இரண்டாவது டீசல் டேங்க் மாட்டிய வாரம்தான் அஸ்ஸாம். வண்டியில் ஒரு சாமான் ஏறினால் வாசலில் காத்திருக்கிற நாள் பத்து கூடும் என்பது அவள் கண்ட கணக்கு.

"ஏனுங்க, இது எவ்வளவு தூரம் போவோணும்?" என்று கேட்டாள்.

"இங்க இருந்து பட்டறை வரைக்கும் போனாப் பத்தாதா?"

"பட்டறைக்குப் போறதுக்கு எதுக்குங்க ரெண்டு டேங்க்?"

"இருக்கட்டும் புள்ள" என்றார் அத்தியண்ணன். விற்ற லாரியின் கண்ணாடியிலிருந்து வெந்நீர்த் துணி வைத்துப் பதமாக உரித்து வைத்திருந்த, டோல்கேட்டுக்குக் காசு கட்டுகிற ஃபாஸ்டேக்கை எடுத்து, பொம்மை லாரியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே, முகம் மூளியாக இருக்கிறது, அதனால்தான் என்றார்.

கடைசியாகப் பெயின்ட் வேலை. மயில்வாகனன் முப்பது வருடமாக லாரிக்கு எழுதுகிறவன். ஆரஞ்சைச் சுரண்டிவிட்டுப் பச்சை அடித்தான், பக்கத்துக்கு ஒரு மயில் போட்டான், கண்ணுக்கு மை வைக்கிற பிரஷ்ஷால் பம்பரில் ஊர்ப்பேர் எழுதினான். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. டீக்காரரிடம் பேசிக்கொண்டே, கை தன் பாட்டுக்குக் கேபின் நெற்றியில் 'நேஷனல் பர்மிட்' என்று எழுதி, வட்டம் போட்டு, புள்ளியும் வைத்துவிட்டது. பார்த்துச் சிரித்தான். தின்னர் போட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தான், டீ ஆறிக்கொண்டிருந்தது, மறந்துவிட்டான். வேறு ஊர்ப் பெயின்டராக இருந்தால் பொம்மையைப் பொம்மையாகப் பார்த்து எழுதியிருப்பான். எங்கள் ஊர்க் கைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

மறுநாள் வண்டியைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போதே மயில்வாகனன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணா, நாந்தான் பர்மிட்டுப் போட்டுப்போட்டேன்!" என்று அவன் சொன்னதும் எங்களுக்கெல்லாம் மனசு ஆறிவிட்டது. நாடு முழுக்க ஓடலாம் என்று பர்மிட் இருக்கிற வண்டி வீட்டில் நிற்குமா? கொஞ்ச நேரத்தில் அத்தியண்ணனின் போனில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து டோல்கேட்டைத் தாண்டியதாக மெசேஜ் வந்தது. அப்படியென்றால் பெங்களூர் லைன்தான் என்று டீக்கடை தீர்ப்புச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனது.

ஒன்பதாம் நாள் வண்டி திரும்பி வந்தது. டயரெல்லாம் கரிசல் மண், பாடியில் ஒரே ஒரு நாசிக் வெங்காயம். துளசிமணி அதை எடுத்துக் கழுவிச் சாம்பாரில் போட்டுவிட்டாள், அதனால்தான் பிரச்சினை வந்தது. சுமைதூக்குவோர் சங்கத்து மேஸ்திரி நாலு பேரோடு வந்து, "ஏனுங்கக்கா, லைன் வண்டில வந்த சரக்க நீங்களே இறக்கிட்டா அப்பறம் நாங்க எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பின்னாலேயே லாரி உரிமையாளர் சங்கச் செயலாளர் உறுப்பினர் புத்தகத்தோடு வந்து, சக்கரத்தை எண்ணிப் பார்த்து, ஆறு இருக்கிறது, அப்போது லாரிதான் என்று எழுதிக்கொண்டார். இனிமேல் ஏற்றுவதும் இறக்குவதும் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் என்று முடிவானது. எதை ஏற்றுவது என்பதில் சண்டையே வரவில்லை, எங்கள் ஊரில் ஏற்ற முட்டையை விட்டால் வேறென்ன இருக்கிறது? அட்டை டிரேயில் ஆறு குழி மட்டும் வெட்டி வைத்தால் பாடிக்குள் அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

அப்படித்தான் எங்கள் முட்டை ஊர் ஊராகப் போய் உறவைப் பார்க்க ஆரம்பித்தது. மைசூரில் கட்டிக்கொடுத்த அக்காவுக்குப் போன ஆறில் இரண்டு விரிசல் விட்டது, உடனே அத்தியண்ணன் எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர் நாலை மாட்டினார். ஹைதராபாத் போன ஆறும் முழுசாக இறங்கியது. நெல்லூர்ப் பக்கம் அதைப் பார்த்த எங்கள் ஊர் டிரைவர் ஒருவர், "லைட்ட டிப் அடிச்சு வழி கேட்டுச்சு, ஒதுங்கிக் குடுத்தேன், நல்ல ஓட்டம்" என்று சொன்னார். ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பும்போதும் பூஜை உண்டு. எலுமிச்சம்பழத்தில் அது ஏறாது என்பதால் ஆறு சக்கரத்துக்கும் ஆறு சுண்டைக்காய் வைத்தோம்.

அத்தியண்ணனுக்கு முகத்தில் களை வந்துவிட்டது. பேசினார், சிரித்தார், ஆனால் எல்லாம் வண்டியைப் பற்றித்தான். துளசிமணி காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு விஜயவாடா டோல்கேட் மெசேஜைப் படித்துக் காட்டினார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வண்டி போனால் தன் மனிதரும் கூடவே லைனில்தான் இருக்கிறார், நாற்காலியில் இருப்பது வெறும் சட்டைதான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அதைச் சொல்லி அழவும் அவளுக்கு ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிபுல் வந்து நின்றான். அஸ்ஸாமிலிருந்து வந்து நாலு வருடமாக எங்கள் பட்டறையில் வெல்டிங் அடிக்கிறவன்.

"அண்ணா, நான் முட்டை ஊர்ல வேலைன்னு சொன்னா அம்மா நம்பல. ஒரே ஊர்ல அவ்ளோ முட்டையா, பொய் சொல்றன்னு திட்டுது. ஆறு அனுப்புண்ணா."

அத்தியண்ணன் யோசித்தார். புது மோட்டார் நல்ல இழுவைதான், ஆனால் சூடாகிறது, முட்டை வைக்கிற இடம் சரியாக அதன் தலைமேல். சூட்டை இழுக்கிற சின்ன விசிறி ஒன்றுக்குச் சொல்லியிருந்தார், கூரியர் இன்னும் வரவில்லை. "கை வெச்சா வெதுவெதுன்னுதான் இருக்குது, சுடல" என்று சண்முகவடிவு சொன்னார். பிபுல் அசையாமல் நின்றான். வியாழக்கிழமை காலையில் சங்கத்து ஆட்கள் மூன்று பேரும் டீ குடித்துவிட்டு, ஆளுக்கு இரண்டு முட்டை ஏற்றினார்கள்.

நெல்லூர், விஜயவாடா, ஸ்ரீகாகுளம், பாலாசோர், சிலிகுரி என்று வரிசையாக மெசேஜ் வந்தது. பதினோராம் நாள் அஸ்ஸாமுக்குள் ஒரு டோல்கேட். அதற்குப் பிறகு போன் வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் போனது, ஐந்து நாள் போனது. பிபுலின் ஊரில் ஆற்று வெள்ளம் ஏறி செல்போன் டவர் சாய்ந்துவிட்டது, அவன் அம்மாவுக்குப் போன் கிடைக்கவில்லை. அத்தியண்ணன் நாற்காலியைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியிலேயே போட்டுவிட்டார். சோற்றைத் தொட்டுவிட்டு எழுந்தார், குளிக்கும்போதும் போனை ஜன்னலில் வைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் ஓட்டியபோது அவருக்கு ஒருநாளும் வராத பயமெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து இப்போது வந்தது.

டீக்கடையில் மெக்கானிக்குகள் பன்னிரண்டு பேர் கூடி, வண்டியில் என்ன குறை என்று பேசினார்கள். பேரிங் இறுகியிருக்கும் என்றார் ஒருவர், பேட்டரியில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். பால் வாங்க வந்த துளசிமணி தூக்குப்போசியோடு நின்று கேட்டாள்.

"எல்லாம் போறதுக்கே மாட்டியிருக்கீங்களேப்பா. வர்றதுக்குன்னு என்னத்த மாட்டுனீங்க?"

அவள் போனபிறகு, திரும்பி வருவதற்கான சாமான் எதுவென்று சாயங்காலம் வரை விவாதம் நடந்தது. ரிவர்ஸ் கியர் என்று சிலர், கண்ணாடி என்று சிலர், ஹார்ன் என்று ஒருவர். மயில்வாகனன் வேண்டுமானால் 'ரிட்டன்' என்று எழுதிவிடலாம் என்றான், எழுத வண்டி வேண்டுமே.

வண்டி பேச்சு மூச்சில்லாமல் போய்ப் பதினைந்தாம் நாள் மத்தியானம், அத்தியண்ணன் எழுந்து உள்ளே வந்தார். துளசிமணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, நீ எப்படி இருந்த?"

"எப்பங்க?"

"நான் லைன்ல இருந்தப்ப."

துளசிமணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பொல்லாத கோபம் வந்தது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"இத்தன வருசம் கழிச்சுக் கேக்கறீங்களா? அரிசி அளக்கையில தினமும் உங்களுக்கும் சேத்தித்தான் போடுவேன். போடாம உட்டா நீங்க வராமயே போயிருவீங்கன்னு ஒரு பயம். நீங்க வரலீன்னா அந்தச் சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு மக்காநாளு நான் திம்பேன். அத வெச்சுக்கிட்டுப் புதுசு வடிச்சா அது பழசாயிரும். இருபத்திரெண்டு வருசத்துல நான் சுடுசோறு தின்ன நாளு நீங்க வூட்டுல இருந்த நாளுதான். கவிநிலா பொறந்து நாப்பது நாள் கழிச்சு வந்தீங்க. அந்த நாப்பது நாளும் பச்சை உடம்புக்காரி பழசு திங்கக்கூடாதுன்னு எங்கம்மா அடிச்சுது. அப்பவும் அளந்தேன்."

அத்தியண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு குலுங்க அழுதார், ஒரு கண்தான் தெரியும் என்றாலும் இரண்டிலும் தண்ணீர் வந்தது. துளசிமணி அவரைத் தேற்றவில்லை. முறத்தை எடுத்து மீதி அரிசியைப் புடைத்து முடித்தாள்.

அன்று சாயங்காலம் அவரே அரிசியை அளந்தார். இரண்டு பேருக்குப் போட்டு, மேலே ஒரு கைப்பிடி போட்டார்.

"வண்டி சோறு திங்குமாங்க?" என்றாள் துளசிமணி.

"நீ எனக்குப் போட்டப்ப நான் வந்து தின்னனா?"

மறுநாள் காலையில் அவள் பழக்கத்தில் பழைய சோற்றுச் சட்டிக்குக் கை நீட்டியபோது, அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இது என்னுடையது என்று பிழிந்து தின்றார். இந்தச் சேதி ஊருக்குள் எப்படிப் போனதென்று தெரியாது, போய்விட்டது. பிபுல் தன் அறையில் ஒரு கைப்பிடி கூடப் போட்டான். முட்டை ஏற்றிய மூன்று பேர் வீட்டிலும் போட்டார்கள், பிறகு பன்னிரண்டு மெக்கானிக்குகள், பிறகு லைனில் ஆள் இருக்கிற வீடெல்லாம். எல்லா வீட்டிலும் அளந்து போட்டது ஆண்கள்தான், பெண்கள் நாலு நாள் பார்த்துவிட்டுப் பிறகு வெளிப்படையாகவே சிரித்தார்கள். ஊரே காலையில் பழசு தின்றதால் இட்லிக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். அவருக்கும் ஒரு தம்பி டெல்லி லைனில் இருந்தான், வீட்டுக்குப் போய் அவரும் போட்டார்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் போன் அடித்தது. அதே அஸ்ஸாம் டோல்கேட், வருகிற பக்கம். ஊர் முழுக்கச் சத்தம். பத்து நாள் கழித்து, உச்சி வெயிலில், வண்டி தெருமுனையில் திரும்பியது. பச்சைப் பெயின்ட் தெரியாத அளவுக்குச் சேறு, ஒரு ஹெட்லைட் இல்லை, பாடிமேல் சிவப்புக்கரை வைத்த வெள்ளைத் துணி ஒன்று மூடிக் கட்டியிருந்தது.

"எங்கம்மா கமோசா!" என்று பிபுல் கத்தினான்.

மேஸ்திரி முறைப்படி முன்னால் வந்து துணியை நீக்கினார். உள்ளே ஐந்து கோழிக்குஞ்சுகள் நின்று கத்தின.

அன்றைக்குத்தான் எங்கள் ஊர் ஆச்சரியப்பட்டது. ரிமோட் இல்லாமல் வண்டி ஓடியதற்கும், ஆறு மாநிலம் தாண்டியதற்கும் அசராத ஊர், வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றது. "பண்ணை முட்டை பொரிக்காதுங்க!" என்று பண்ணைக்காரர் ஒருவர் கிட்டத்தட்ட அழுதேவிட்டார். "என்ற பண்ணைல ஒரு சேவல் கெடையாதுங்க, ஒண்ணே ஒண்ணு கெடையாது!" கூட்ஸ் வண்டியில் ஆள் ஏற்றி வரக்கூடாதே என்று சங்கச் செயலாளர் தனியாகக் கவலைப்பட்டார். சண்முகவடிவு மட்டும் குனிந்து மோட்டார்மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்றார். கோழி அடை கிடந்தால் குஞ்சு வர இருபத்தியொரு நாள் ஆகும் என்பது எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன் வாய் திறக்காத நாட்களை நாங்கள் எல்லோரும் மனசுக்குள் ஒரே நேரத்தில் எண்ணினோம். ஆறாவது குஞ்சு எங்கே என்று பிபுலிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்றை அம்மா வைத்துக்கொண்டாள் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது.

துளசிமணி கேட்டுக்குள்ளிருந்து வந்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள், சேறு பூசிய வண்டியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இருபத்தியொரு நாளும் நின்ன எடத்த உட்டு நகரல பாருங்க. இந்தப் பிளாஸ்டிக்குக்கு இருந்த புத்தி."

அவ்வளவுதான் சொன்னாள். லைனில் பாதி வாழ்க்கையைக் கழித்த ஆண்கள் முப்பது பேர் அங்கே நின்றோம், ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. முந்தாநாள் கூரியரில் வந்த விசிறி, பெட்டி பிரிக்காமல் அத்தியண்ணனின் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார், இனி இது எதற்கு என்று மயில்வாகனன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

முதலில் பழைய சோற்றுச் சட்டி வெளியே வந்தது. அதில் மீதியிருந்த பருக்கைகளைக் குஞ்சுகளுக்கு முன்னால் கொட்டினார். மறுபடியும் உள்ளே போனார், பாத்திரச் சத்தம் கேட்டது. வாழையிலை போட்ட தட்டில் ஆவி பறக்கிற சோறும், குழிக்குள் ரசமும், ஓரத்தில் பொரியலுமாகக் கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் துடைத்தார்.

"உக்காரு புள்ள."

"ஊரே நிக்குதுங்க."

"நிக்கட்டும்."

துளசிமணி உட்கார்ந்தாள். மடியில் தட்டை வைத்துப் பிசைந்தாள். சுடச்சுட ஒரு வாய் வைத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதித் தின்றாள். அத்தியண்ணன் பக்கத்தில் சொம்போடு நின்றார்.

சங்கத்து ஆட்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணா, வண்டி வந்து நிக்குது" என்றார் மேஸ்திரி மெதுவாக. "சரக்க இறக்கிரலாமுங்களா?"

"அவ சாப்புட்டு முடிக்கட்டும்."

வெயில் உச்சியில் நின்றது. செயலாளர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார், பன்னிரண்டு மெக்கானிக்குகளும் பண்ணைக்காரரும் பிபுலும் நாங்களும் நின்றோம், வண்டியும் நின்றது. துளசிமணி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ரசத்தை வழித்துத் தின்றுவிட்டு, தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.